பூகர்ப்பப் பேரறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன்

ஒரு நாட்டின் செல்வத்தில் ஒரு பாகம் வயலிலும் கடைவீதியிலும் காணப்படும். மற்றொரு பாகம் மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கும். மறைந்ததைத் தோண்டியெடுத்த கம்பெனிகளின் பெயரை உலகம் அறியும். அஃது இன்ன இடத்தில், இன்ன பாறையின் கீழ் உளதென்று வெயிலில் அலைந்து கண்டு கூறியவர் பெயரை அறிவார் சிலரே. அத்தகையோர் ஒருவருடைய சரித்திரத்தை இவ்விதழில் அன்பர்கள் முன்னிலையில் வைக்கின்றோம்.

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி தஞ்சை ஜில்லாவில் பிறந்தார். சென்னை பிரெஸிடென்ஸி கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் மயிலாப்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் படித்த வாலிபர் நாடியது வக்கீல் தொழிலையும் சர்க்கார் உத்தியோகத்தையுமே. கல்லையும் மண்ணையும் ஆராயும் படிப்பினால் வயிறு நிரம்புமோ என்னும் ஐயம் பெற்றோர்க்கு எழுந்திருப்பின் அதில் வியப்பில்லை. கோலார் தங்கச் சுரங்கங்கள் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் இருந்தன. பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் பர்மா ஆயில் கம்பெனியின் கையில் இருந்தன. கோலாரில் சுரங்கத்துள் இறங்கி உழைத்தோருள் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர் மிகப் பலர், மேலதிகாரிகளோ ஐரோப்பியர். தமிழர் சுரங்கத்தைக் கையால் அறிந்திருந்தனர்; ஏட்டால் அறியும் வழி அவர்க்கு எளிதில் திறக்கவில்லை.

அவ்வழியில் துணிந்து சென்றவர் கிருஷ்ணன். அவர் லண்டன் மாநகர் சென்று இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி நிகழ்த்தி, 1924-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவ்வருஷமே இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் அமர்ந்தார். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்விலாகா 1851-ல் தாமஸ் ஓல்டாம் என்பவரால் தொடங்கப்பெற்றது. நிலக்கரி எங்குள்ளது என்று கண்டறிதலே அதன் முதல் நோக்கம்.

சென்னைக்கும் அந்நகருக்கும் கல்லினாலாய உறவு ஒன்று முன்னரே இருந்தது. அடையாற்றுக்குத் தென்மேற்கே பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணும் கருங்கல் இனமே கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரது கல்லறையிலும் பொருந்தியிருக்கிறது. அதனை ஆராய்ந்த ஹாலந்து என்னும் அறிஞர் 1893-ல் அக்கல்லுக்குச் சார்னாக்கைட் எனப் பெயரிட்டார். நம் வீட்டுப் படிக்கருகே கிடக்கும் கல்லையும் அயலார் வந்து பெயரிட்டுக் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

இலாகாவின் வேலை எளிதன்று. மழை நீங்கியதும் அதிகாரிகள் கூடாரத்துடன் காடு மலைகளுக்குச் செல்வர். ஒவ்வொரு பாறையையும் சுத்தியலால் உடைத்துப் பார்த்து, அதன் சாய்வையும் போக்கையும் படத்தில் குறிப்பர். கோடை முற்றியபின் கல்கத்தாவுக்கு மீண்டு அறிக்கை வரைவர். ஒரிஸ்ஸாவைச் சார்ந்த கங்கப்பூர் சமஸ்தானத்தை இவ்வாறு ஆராய்ந்து கிருஷ்ணன் எழுதிய பெருநூல் 1937-ல் வெளியாயிற்று. அச்சமஸ்தானம் இருந்த நிலத்திலேயே பிற்காலத்தில் ரூர்கேலா உருக்காலை எழுந்தது; 1959-ல் அதன் உலையில் இரும்பு உருகியது.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1943-ல் வெளிவந்த நூல். இந்தியா, பர்மா ஆகிய இரு நாடுகளின் பூகர்ப்ப அமைப்பை முழுவதும் விளக்கும் அவ்வாங்கில நூலை வெளியிட்டது மயிலாப்பூரில் இருந்த மெட்ராஸ் லா ஜர்னல் காரியாலயம். 1891-ல் தோன்றிய அச்சட்டப் பத்திரிகையின் காரியாலயம், வழக்குத் தீர்ப்புகளோடு பாறைகளின் வரலாற்றையும் வெளியிட்டது நம் நகருக்குப் பெருமையே. அஃது உலகப் போர்க்காலம். முந்திய வருஷந்தான் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய ஆங்கிலேயர் யேனாங்யாவுங் எண்ணெய் வயல்களைத் தாமே அழித்தனர். வாடியா என்பாரின் நூல் 1919 முதல் வழங்கியிருந்தது. கிருஷ்ணன் அதன் பின்னர்க் கண்டறிந்தவற்றையும் திரட்டி மாணவர்க்கு உதவினார். புதுச் செய்தி கிடைக்குந்தோறும் நூலைத் திருத்திக்கொண்டே வந்தார். அவர் மறைவுக்குப் பின்னும், 1982-ல், ஆறாம் பதிப்பு வெளியாயிற்று.

சுதந்திரம் வந்தபின் பொறுப்புகள் பெருகின. 1948-ல் நிறுவப்பெற்ற இந்தியச் சுரங்கப் பணியகத்தின் தலைமையை அதன் இளமைப் பருவத்தில் ஏற்றார். 1951-ல் பூகர்ப்ப இலாகாவின் தலைவரானார். இலாகா தோன்றிச் சரியாக 100 வருஷங்கள் கழிந்தே இந்தியர் ஒருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தார் என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்க. சென்னை இராஜதானியின் கனிப்பொருள்களைத் தொகுத்து அவர் வரைந்த நூலும் அவ்வருஷமே வெளியாயிற்று. 1955-ல் சர்க்கார் எண்ணெய் தேடப் புதிய இலாகா ஒன்றை ஏற்படுத்தியபோது, பூகர்ப்ப இலாகாவின் அறிஞர்களே அதற்கு வித்தாயினர். ஓ.என்.ஜி.சி. எனப் பின்னர் வளர்ந்தது அதுவே. அதன்பின் ஆந்திர சர்வகலாசாலையில் ஆசிரியராக விளங்கினார்; ஹைதராபாத்தில் 1961-ல் நிறுவப்பெற்ற தேசிய புவி பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைத் தொடக்கத்தில் நடத்தினார். 1970-ல் பத்மபூஷண் விருது பெற்றார்; அவ்வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி காலமானார்.

அவர் பிறந்த காவிரிப் படுகையின் கதை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1980-களில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. நெல் விளையும் நிலத்தின் கீழேயே எண்ணெயும் இருந்தமையின், எதனைக் காப்பது என்னும் வழக்கு மூண்டது. 2020-ல் தமிழ்நாட்டுச் சட்டம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது. முன்னரே இருந்தவை தொடர்ந்தன. இத்தகைய வழக்கில் தோண்டுக என்பாரும் வேண்டா என்பாரும் முதலில் அறியவேண்டியது, அடியில் உள்ள பாறை எத்தன்மையது, நீர் எங்கே ஓடுகிறது என்பதே. அதை அறிந்தார் நம்முள் இல்லையேல், கம்பெனியார் கூறுவதையே நம்ப நேரிடும்.

ஆதலின் நம் குடும்பத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். மகனோ மகளோ பூகர்ப்ப சாஸ்திரம் கற்க விரும்பின், பிழைப்புக்கு உதவாத படிப்பென்று தடுக்கற்க. பூகர்ப்ப இலாகா, நெய்வேலிச் சுரங்கம், எண்ணெய் நிறுவனங்கள், நிலத்தடி நீர் ஆராய்ச்சி என அதற்குரிய வாயில்கள் இன்று பல. கிருஷ்ணன் கையில் சுரங்கம் எதுவும் சொந்தமாக இருந்ததில்லை. சுத்தியலும் ஏடுமே அவர் முதல். அம்முதலை நம் பிள்ளைகளுக்கும் அளிப்போமாக.