கல் திரட்டிய கலைச்செல்வர் ஆனந்த குமாரசாமி

மலைநாட்டிலே வாழும் நமக்குக் கல் என்றால் ஓர் அலட்சியம் உண்டு. தேயிலைச் செடிக்குக் குழி வெட்டினால் கல். லயத்துக்குக் கடைக்கால் தோண்டினால் கல். ஓடையிலே துணி துவைக்கச் சென்றால் அங்கும் கல். இருப்புப்பாதையின் ஓரத்தே ஜல்லிக் குவியலைப் பார்த்தவாறே கணக்கெழுதிக் காலந்தள்ளும் நமக்கோ அதனைக் கண்டாலே சலிப்பு. எனினும், அக்கல்லையே கண்ணுக்குக் கண்ணாகக் கருதித் திரட்டி, அதன் வழியே உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவர் இருந்தார். கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசாமியே அவர். நடராசப் பெருமானின் ஆடற்பொருளை மேல்நாட்டாருக்கு எடுத்துரைத்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். அவர் முதலிற் கற்ற கலை கற்கலை என்பதை அறிந்தோர் சிலரே.

1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் அவர் கொழும்பு மாநகரிலே பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசாமி, இலங்கைச் சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கி 1863-இல் வெளியிட்ட அறிஞர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருக்கு மருமக்களாவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்பே, 1879-இல், தந்தையார் காலமானார். தாயும் மகவும் இங்கிலாந்திலேயே தங்கினர். தமிழ் மண்ணின் உறவு அந்தப் பிள்ளைக்குப் பெயரளவிலேயே எஞ்சியது.

பன்னிரண்டாம் வயதில் குளொஸ்டர்ஷயரில் உள்ள விக்ளிப் கல்லூரியில் சேர்ந்தார். பாடசாலைக்கு அருகே டோவரோ என்றொரு குன்று. அதன் நில அமைப்பைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை, 1895-இல் பாடசாலை இதழிலே வெளிவந்தது. ஏனைய மாணவர் ஏறி விளையாடிய குன்றை அவர் ஏறிப் படித்தார் எனலாம். பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நிலநூலும் தாவரநூலும் பயின்று, 1900-இல் முதல் வகுப்பில் தேறினார்.

அக்கால இங்கிலாந்து, கல் திரட்டுவோருக்கு ஒரு பொற்காலத்தின் மாலைப்பொழுது. கார்ன்வால் நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் செப்புச் சுரங்கங்களிலும், கம்பர்லாந்தின் ஈய, இரும்புச் சுரங்கங்களிலும் பளிங்கென ஒளிரும் கனிமங்கள் கிடைத்து வந்தன. உலையிற் போடவேண்டிய தாதுவிடையே அழகிய படிகம் ஒன்று கண்ணிற்பட்டால், தொழிலாளி அதனைப் பத்திரமாக எடுத்து வைப்பான்; திரட்டுவோர் விலைகொடுத்து வாங்குவர். குமாரசாமிக்கு ஓராண்டு இளையவரான சர் ஆர்தர் ரசல் என்பவர், சுரங்கம் சுரங்கமாகச் சென்று ஏறத்தாழ 12,000 மாதிரிகளைச் சேர்த்தார்; 1964-இல் அவர் மறைந்தபின் அவை லண்டன் இயற்கைப்பொருட் காட்சிசாலைக்கு உரிமையாயின.

இத்தொழிலில் ஒரு நியதி உண்டு. கல் எத்துணை அழகியதாயினும், அது எந்த ஊரில், எந்தச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது என்னும் சீட்டு உடன் இல்லையேல், அறிவுலகில் அதற்கு மதிப்புக் குறைவு. பிறந்த இடம் அறியாக் கல், பெயர் இழந்த பிள்ளைக்கு ஒப்பாகும். பிறந்த மண்ணைத் தேடி வந்த குமாரசாமிக்கு இந்நியதியின் பொருள் நன்கு விளங்கியிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

1902-இல் எதல் மேரி என்னும் மங்கையை மணந்து அவர் இலங்கைக்கு வந்தார். கண்டிப் பகுதியில் அம்பகோட்டைக்கு அருகே கங்கப்பிட்டிய என்னும் இடத்தில், சுண்ணாம்புக் கல்லோடு கலந்திருந்த நீலநிறக் கனிமம் ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையைச் சேர்ந்த பிரையர் என்பவரோடு கூடி ஆராய்ந்து, அது புதுக் கனிமமே என்று 1903-இல் உலகிற்கு அறிவித்தார். இலங்கைக்கு அராபியர் வழங்கிய செரண்டிப் என்னும் பழம்பெயரால் அதற்குச் செரண்டிபைட் என்று பெயர் சூட்டினர். கண்டவர் தம் பெயரை வைக்காமல் நாட்டின் பெயரை வைத்த பெருந்தகைமையை நாம் மறத்தலாகாது.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் தலைவராக விளங்கினார். இரத்தினக் கல் அரிக்கும் ஆற்றுச் சரளையிலே, கறுத்துக் கனத்த சிறு கனசதுரங்கள் சில கிடைத்தன. அவற்றை யுரேனினைட் என்னும் பழகிய கனிமம் என்றே அவர் முதலிற் கருதினார். மாதிரிகள் லண்டன் சென்றன. ஆங்கே டன்ஸ்டன் என்னும் இரசாயன அறிஞர் பகுத்துப் பார்த்து, அதிலே தோரியமே மிகுந்திருத்தலைக் கண்டு, 1904-இல் தோரியனைட் என்னும் புதுப் பெயரிட்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைத்திரிக்கு ஒளி தந்தது இந்தத் தோரியமே. 1905-இல் லண்டனில் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானியர் ரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைக் கண்டறிந்ததும் இலங்கைத் தோரியனைட்டிலிருந்தே. குமாரசாமி முதலிற் பிழையாகக் கருதியது உண்மையே. ஆயினும் மாதிரியைப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தால், அப்பிழை திருந்தியிராது. அணுவின் கதையில் ஓர் ஏடும் குறைந்திருக்கும். பகிர்ந்தமையால் அன்றோ உண்மை வெளிப்பட்டது!

கல் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவர் வேறொன்றையும் கண்டார். கொல்லன் உலை அணைந்து கிடந்தது. தச்சனின் மகன் உளியை மறந்தான். நெசவாளியின் இல்லத்தில் இயந்திரத் துணி தொங்கியது. மண்ணுள் புதைந்த கல் பல்லாயிரம் ஆண்டும் காத்திருக்கும். கைத்தொழிலோ ஒரு தலைமுறை தவறினால் அழிந்தொழியும். இந்த எண்ணமே அவர் வாழ்வைத் திருப்பிற்று. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். இங்கிலாந்து மீண்டு, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே தம் நேர் மேற்பார்வையில் 425 பிரதிகள் அச்சிட்டு, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908-இல் வெளியிட்டார். கற்களுக்குச் சீட்டு எழுதிய அதே கை, அந்நூலில் பானைக்கும் பாய்க்கும் நகைக்கும் ஊரும் பெயரும் முறையும் குறித்து வைத்தது.

அடுத்து இந்தியா முழுதும் சுற்றி, ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டினார். காசியில் தேசியக் காட்சிசாலை ஒன்று எழுமாயின் அவை யாவற்றையும் நாட்டிற்கே தர முன்வந்தார். அந்த முயற்சி கைகூடவில்லை. 1917-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலை அவரை அழைத்து இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராக்கியது. டென்மன் ராஸ் என்னும் செல்வர் அவர் தொகுதியை வாங்கி அக்காட்சிசாலைக்கு ஈந்தார். நம் இராசபுத்திர ஓவியங்களைக் காண இன்று நம்மவர் கடல் கடந்து செல்கின்றனர். கொடுக்க வந்தவரிடம் வாங்கிக்கொள்ளத் தெரியாத குறை நம்முடையதே.

முப்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். எழுபது வயது நிரம்பியதும் இந்தியா திரும்பி இமயச் சாரலில் அமைதியாக வாழ எண்ணியிருந்தார். பாரதம் விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், நீதாம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். எழுபதாம் பிறந்தநாள் கழிந்து பதினெட்டே நாட்கள்!

மூணாற்று மக்களாகிய நமக்கு இவ்வரலாறு ஏன்? கண்டி மலையும் நம் ஆனைமுடியும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பின் பகுதிகள் என்றும், பின்னரே பிரிந்தன என்றும் நிலநூலார் கூறுகின்றனர். சார்னகைட் என்னும் கருங்கல் இரு நாட்டு மலைகளிலும் உண்டு. நம் பாட்டன்மாரும் அவ்வாறே பிரிந்தவர்கள். ஒரே ஊரிலிருந்து சிலர் கண்டிச் சீமைக்கும் சிலர் இம்மலைக்கும் கூடை சுமக்கச் சென்றனர். அவர்கள் கொண்டுவந்த பித்தளைச் செம்பு, பழைய பேர்ச்சீட்டு, 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் நினைவு யாவும் லயத்துக்கு லயம் சிதறிக் கிடக்கின்றன. எவர் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் என்னும் சீட்டைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர்.

ஆகவே, இவ்வாண்டு விழாவை ஒட்டி, நம் சங்க நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்கேனும் இடம் ஒதுக்குவோமாக. பிள்ளைகள் ஓடையிற் பொறுக்கிய படிகக் கல்லும் அதில் இருக்கட்டும். பாட்டியின் தேயிலைக் கூடையும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் அருகிலும் ஊரும் பெயரும் எழுதிய ஒரு சிறு சீட்டு இருக்கட்டும். கற்பதற்கும் காப்பதற்கும் பகிர்வதற்கும் வழிகாட்டிய குமாரசாமிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகும்.