ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களும் வினாவிடைக் கல்வியும்

கற்றதனை மறவாமையே கல்விக்கு உயிராவது. ஒரு நூலைப் பன்முறை படித்தோர் பலர். படித்ததனை வேண்டும்போது நூலின் துணையின்றி எடுத்துரைக்க வல்லார் மிகச் சிலரே. இவ்வேறுபாட்டினை நன்குணர்ந்து, சைவ நன்மக்கள் தம் சமய உண்மைகளை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுதற்கு ஒரு வழி வகுத்தளித்த பெரியார் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவர்களுடைய சரித்திரம் சைவவுலகம் நன்கறிந்ததே. ஆயினும் இவ்வொரு நோக்கில் வைத்து அதனைச் சிந்தித்தல் பயனுடைத்தென்று கருதிச் சில கூறப் புகுகின்றோம்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய் நல்லூரில் தோன்றினார்கள். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் நூல்களைக் கற்றார்கள். அக்காலத்துக் கல்வி ஏட்டுக் கல்வி. மாணாக்கன் ஏட்டைப் பார்த்து ஓதுதலோடு அமையாது, அதனைக் கட்டிவைத்துவிட்டு ஆசிரியர் முன்னிலையில் பாடத்தை ஒப்புவித்தல் வேண்டும். ஒப்புவியாத பாடம் பாடமென்று கொள்ளப்படாது. கற்றவனது அறிவைச் சோதித்தறிதல் கல்வியின் ஓர் உறுப்பாகவே அன்று நிலவியதென்பது இதனாற் புலனாகும்.

பின்னர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் நாவலரவர்கள் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்கள். அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்த்தகாலை, உடனிருந்து உதவியவர் நாவலரவர்களே. மிஷன் பாடசாலைகளில் கிறிஸ்து சமயம் வினாவிடை நூல்களின் வாயிலாகச் சிறுவர்க்குக் கற்பிக்கப்பட்டது. அப்பாடசாலைகளிற் பயின்ற சைவச் சிறுவர் பிறர் சமயத்தைப்பற்றி வினவினால் விடை தருவர். தம் சமயத்தைப்பற்றி வினவினால் வாய்திறவாது நிற்பர். அவர்தம் பெற்றோரோ திருநீறு தரித்தும் திருமுறை ஓதியும் ஆலயஞ் சென்றும் வழுவாது ஒழுகியவரே. எனினும் திருநீறு ஏன் தரிக்கின்றீர், ஆன்மாவென்பது யாது என்று கேட்பார்க்கு அவருள்ளும் பலரால் மறுமொழி கூற இயலவில்லை. அன்பு இருந்தது, ஒழுக்கம் இருந்தது, கேட்டபோது சொல்லும் தெளிவே இல்லாதிருந்தது. ஒரு சமுதாயம் தன் சமயத்தை இழப்பதற்கு இக்குறை ஒன்றே போதும்.

இக்குறையை நீக்குதலே நாவலரவர்கள் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்கள். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர்களுடைய முதற் சைவப்பிரசங்கம் நிகழ்ந்தது. 1848-ஆம் ஆண்டில் மிஷன் உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். 1849-ஆம் ஆண்டில் அச்சியந்திரம் பெறுதற்பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டவர்கள், இடையே திருவாவடுதுறை ஆதீனத்தையடைந்து, தம் சொல்வன்மை விளங்கப் பேசி, நாவலர் என்னும் பட்டம் பெற்றார்கள். பின்னர்ப் பாலபாடங்களும், 1852-ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனமும், வேறு பல நூல்களும் அவர்களால் வெளிவந்தன. 1864-ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று.

பிரசங்கம் கேட்போர் உள்ளத்தை உருக்கும். ஆயினும் கேட்டது சின்னாளில் மங்கும். வசனநூல் படிப்போர்க்குப் பொருள் விளக்கும். ஆயினும் படித்தது நின்றதோ நில்லாதோவென்பதைப் படித்தவர் தாமே அறியார். இவ்விரண்டானும் நிரம்பாததனை நிரப்புவது வினாவிடை. நாவலரவர்கள் இலக்கணத்திற்கு இலக்கண வினாவிடையும், சமயத்திற்குச் சைவ வினாவிடை என இரண்டு புத்தகங்களும் இயற்றினார்கள். பின்னதன் முதற் புத்தகம் தொடக்க மாணாக்கர்க்கு ஏற்றது. இரண்டாம் புத்தகம் பதி பசு பாசங்களில் தொடங்கி விரிந்து அன்பியலில் முடிவது.

அந்நூல்களின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஆங்கே ஒரு விடையே அடுத்த வினாவைப் பிறப்பிக்கும். இறைவன் ஆன்மாக்களின்பொருட்டுச் செய்யுந் தொழில்களைக் கூறியவுடன், அவற்றை எதனைக்கொண்டு செய்தருளுவர் என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடையாகச் சத்தி கூறப்பட்டவுடன், அச்சொல்லின் பொருள் வினவப்படுகின்றது. இங்ஙனம் சங்கிலியின் ஒரு கண்ணி மற்றொரு கண்ணியைப் பற்றுமாறுபோலச் செல்லுதலின், ஒன்றை மறந்தானும் முன்னதைக்கொண்டு பின்னதை மீட்டுக்கொள்ளலாகும். விடைகள் சிறியன, பொருள் பெரிது.

இம்முறை பிறர்பாற் கடன்கொண்டதென்று சிலர் கூறுவர். மிஷன் பாடசாலையில் அதன் ஆற்றலை நாவலரவர்கள் நேரிற் கண்டார்களென்பது மெய்யே. ஆயினும் வினாவி விடையறிதல் நம் மரபிற்குப் புதிதன்று. மெய்கண்ட சாத்திரங்களுள் உண்மை விளக்கம் மாணாக்கர் வினவவும் ஆசிரியர் விடைபகரவும் அமைந்தது. உமாபதி சிவாசாரியர் அருளிய வினாவெண்பா ஆசிரியரை நோக்கிய வினாக்களாகவே நடப்பது. நன்னூலாரும் பாடத்தைப் போற்றுதல், கேட்டதை மீண்டும் நினைத்தல், தம்மொத்தாரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியதற்கு விடையிறுத்தல் என்பவற்றை மாணாக்கன் கடமைகளாக வகுத்தார். ஆதலின் நாவலரவர்கள் செய்தது நம் வீட்டு விளக்கைத் தூண்டியதேயன்றி வேறன்று.

ஈண்டு நம் அநுபவமொன்று கூறுதல் மிகையாகாது. இளமையில் நாம் சிவஞான சித்தியார் சுபக்கத்தை முதலிலிருந்து இறுதிவரை தடையின்றிச் சொல்லுவோம். அதுகொண்டு அந்நூல் நமக்குக் கைவந்ததென்று செருக்குற்றும் இருந்தோம். ஒருநாள் எம் ஆசிரியர் நடுவேயுள்ள ஒரு செய்யுளைச் சுட்டி, அஃது எச்சூத்திரத்தின்பாற்பட்டது, யாவர் கொள்கையை மறுக்க எழுந்தது என்று வினவினார்கள். முதற் செய்யுளிலிருந்து ஓதி வந்தாலன்றி அதனையணுக இயலாதவராய் நாம் நாணி நின்றோம். நாவிற்கு வந்தது அறிவிற்கு வரவில்லையென்பதனை அன்றுதான் உணர்ந்தோம். அன்றுமுதல் எப்பகுதியைப் படித்தாலும் நூலை மூடி, அதனுட் கூறியது யாது, அதற்குக் காரணம் யாது, உவமை யாது என்று நம்மை நாமே வினவி, விடையை வாய்விட்டுச் சொல்லி, பின்னர் நூலைத் திறந்து ஒப்புநோக்குதலை வழக்கமாகக் கொண்டோம். தவறியவற்றைக் குறித்துவைத்து மறுநாட் காலையில் அவற்றையே முதற்கண் வினவுவோம். வாரங்கழித்து அனைத்தையும் மீண்டும் வினவுவோம். முதலில் உண்டாவது நாணம். பின்னர் உண்டாவது தெளிவு.

இக்காலத்து உளநூலாரும் இதனை ஆய்ந்து கண்டுள்ளனர். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அறிஞர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பகுதியை மீண்டும் படித்தோர் ஐந்து நிமிடங் கழித்துச் சோதிக்கப்பட்டபோது முந்தினர். ஒரு வாரங் கழித்தோவெனின், மீண்டும் படியாது நினைந்து எழுதிப் பார்த்தோரே முந்தினர். மீண்டும் படித்தல் அறிந்துவிட்டோமென்னும் மயக்கத்தைத் தரும். நினைந்து பார்த்தலே நிலைபெறச் செய்யும். ஏட்டைக் கட்டிவைத்து ஒப்புவித்த நம் முன்னோர் செயலின் நுட்பம் இதுவே.

வினாவிடையை மனனஞ் செய்தலே சமய வாழ்வாகுமோ என்று வினவின், ஆகாது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கனுள், தன்னைத்தான் வினாவுதல் சிந்தித்தலுக்கு வாயில். குருவருளின்றித் தெளிதல் கூடாது. கேட்டதனை மறந்தவன் சிந்திக்கவும் மாட்டான். சோறு சமைத்தற்கு அரிசி வேண்டுமாறுபோலச் சிந்தனைக்கு நினைவு வேண்டும். விடையைச் சொல்லளவில் ஒப்புவித்துப் பொருளை உணராதொழிவாராயின், நாவலரவர்கள் நீக்கிய குறையையே வேறுருவில் நாம் மீண்டும் வருவித்தவராவோம். ஆதலின் ஒவ்வொரு விடைக்குப் பின்னும் ஏன் என்னும் வினாவொன்றினை நாமே கூட்டிக்கொள்ளுதல் முறை.

நாவலரவர்கள் இல்லறம் புகாது, பொருள் விரும்பாது, வாழ்நாள் முழுவதும் இப்பணியிலேயே நின்று, 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள் சிவபதமடைந்தார்கள். ஆண்டுதோறும் கார்த்திகை மகத்தில் அவர்களுடைய குருபூசை நடைபெறுகின்றது. அந்நாளில் மலர் தூவி வணங்குதல் நன்றே. அதனினும் நன்று, திருமடங்களிலும் பாடசாலைகளிலும் சாத்திரம் பயிலுவோர் அன்றொருநாளேனும் நூலை மூடிவைத்து, கற்றதனுள் நம்மிடம் நின்றது எவ்வளவென்று தம்மைத் தாமே வினவிப் பார்த்தல். விடை குறைவாயின் வருந்தற்க. அக்குறையை அறிந்ததே கல்வியின் தொடக்கம். திருவருள் துணைசெய்க.

சிவம்.