பாயில் படுத்த பிரிகேடியர்

மட்டக்களப்பு வாவிக்கரையில், காத்தான்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு ஓர் இந்திய இராணுவ அதிகாரி எப்படி முன்மாதிரியானார் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவர் மரணித்து 75 வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பெயர் பிரிகேடியர் முஹம்மத் உஸ்மான். எமது பிள்ளைகளும் அவரை அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் அஸம்கர் மாவட்டத்தில், 1912 ஜூலை 15ஆம் திகதி உஸ்மான் பிறந்தார். தந்தை ஒரு பொலிஸ் அதிகாரி. இங்கிலாந்தின் ஸான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, பலூச் ரெஜிமென்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணியாற்றினார்.

1947இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிக்கப்பட்டது. பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. முஸ்லிம் அதிகாரிகளில் பலர் அங்கு சென்றனர். ஜின்னாவும் லியாகத் அலி கானும் உஸ்மானையும் அழைத்ததாகவும், உயர் பதவி காத்திருந்ததாகவும் வரலாறு கூறுகிறது. அவரோ பிறந்த மண்ணிலேயே நின்றுவிட்டார். நாட்டையும் மார்க்கத்தையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

அதே வருடம் காஷ்மீரில் போர் மூண்டது. டிசம்பரில் ஜங்கர் என்ற இடம் இந்தியப் படையின் கையை விட்டுப் போனது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் உறுதி எடுத்தார். காஷ்மீரின் குளிரில், ஒரு படையணியின் தளபதி தரையில் பாய் விரித்து உறங்கினார். 1948 பெப்ரவரி 6ஆம் திகதி நௌஷேராவைத் தாக்கிய பெரும்படையை அவரது படையணி முறியடித்தது. அதன்பின் அவர் தலைக்கு 50,000 ரூபா விலை வைக்கப்பட்டது. மார்ச் 18ஆம் திகதி ஜங்கர் மீட்கப்பட்டது. அன்றுதான் இரவல் கட்டில் வந்தது.

போர்க்களத்தை விட என்னைத் தொட்டது வேறொரு சம்பவம். நௌஷேராவின் பொதுமக்களுக்குத் தானியம் போதாமல் இருந்தது. உஸ்மான் தன் வீரர்களை செவ்வாய்க்கிழமைகளில் உண்ணாமல் இருக்கச் சொல்லி, மிஞ்சிய உணவை அம்மக்களுக்குக் கொடுத்தார். பசியோடு வந்தவரின் மதம் என்ன என்று அங்கு யாரும் கேட்கவில்லை. அவர் திருமணம் செய்யவில்லை. மதுவைத் தொடவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டார்.

1948 ஜூலை 3ஆம் திகதி ஜங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து உயிர் நீத்தார். 36 வயது நிறைய 12 நாட்களே இருந்தன. ஜனாஸாவில் பிரதமர் நேரு கலந்துகொண்டார். டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். மஹாவீர் சக்ரா விருது அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

எதிர்த்தரப்பில் நின்றவர்களும் முஸ்லிம்கள்தானே என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காஷ்மீர் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தன்னை நம்பி நின்ற மக்களைக் கைவிட்டு ஓடாத ஒரு மனிதரைப் பற்றியே பேசுகிறேன்.

அந்தக் குணம் எமக்கு ஏன் தேவை? 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, எமதூரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்தியவர்களின் தலைவன் எமதூரைச் சேர்ந்தவன் என்பதால், ஊரே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டது. முதலாவதில் நாம் பாதிக்கப்பட்டவர்கள். இரண்டாவதில் எம்மைக் குற்றவாளிகளாகப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பின்னர் எமது இளைஞர்கள் முன் இரு வழிகள் தெரிந்தன: ஒதுங்கிக்கொள்வது, அல்லது நாளெல்லாம் தேசப்பற்றை நிரூபித்துக்கொண்டே இருப்பது.

உஸ்மான் மூன்றாவது வழியில் போனார். நாட்டின் சொந்தக்காரராகவே வாழ்ந்தார். வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு வாடகை ரசீது காட்டுவதில்லை, கூரை ஒழுகினால் ஏறிச் சரிசெய்கிறான். இந்நாட்டிலும் 1996இல் முல்லைத்தீவில் உயிர் நீத்து, பரம வீர விபூஷணய விருது பெற்ற பஸ்லி லாபிர் அப்படியொருவர்.

எல்லோரும் துப்பாக்கி ஏந்த வேண்டியதில்லை. அடுத்த வெள்ளம் வாவியைத் தாண்டி ஊருக்குள் வரும்போது, அயல் தமிழ்க் கிராமத்துக்கும் சேர்த்து உலையேற்றும் இளைஞன் போதும். உஸ்மானின் செவ்வாய்க்கிழமை நோன்புக்கு அவனே வாரிசு.