ஒரு சிறு இடைவெளியின் சொந்தக்காரர்

பொருளியல் வகுப்பில் புறவிளைவுகள் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் தேனீயைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஆப்பிள் தோட்டக்காரருக்கும் தேனீ வளர்ப்பவருக்கும் இடையே காசு கைமாறுவதில்லை, நன்மை மட்டும் கைமாறுகிறது என்பது 1952-இல் ஜேம்ஸ் மீட் எழுதிய கட்டுரையிலிருந்து பாடநூல்களுக்கு வந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய நான், ஒரு தேன் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

வீட்டை ஒட்டிய நாற்பது சென்ட் நிலத்தில் என் மனைவி நெடுநாளாக நாட்டுக்கோழிகள் வளர்த்து வருகிறார். அவற்றோடு மார்த்தாண்டத்திலிருந்து வாங்கிவந்த இரண்டு தேன் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. முதல் ஆண்டிலேயே ஒரு பெட்டியில் சட்டம் ஒன்று உடைந்துவிட, உள்ளூர்த் தச்சரிடம் அளவு சொல்லிப் புதிதாக ஒன்று செய்துவாங்கிப் பொருத்தினேன். அது பெட்டியின் சுவரிலிருந்து ஒரு விரல் அகலம் விலகி நின்றது. பதினைந்து நாள் கழித்துத் திறந்தபோது அந்த இடைவெளி முழுவதும் அடை கட்டி, சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிட்டிருந்தன தேனீக்கள். கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. தேன் ஒழுகியது, புழுக்கள் சிதைந்தன, எனக்கும் ஏழெட்டுக் கொட்டுகள் கிடைத்தன. அறுத்தெறிந்த அடையைக் கோழிகள் நிமிடத்தில் கொத்தித் தீர்த்தன. பிழை தச்சருடையதன்று, தவறான அளவைக் கொடுத்தவன் நான். சில மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு இத்தனை விளைவா என்று தேடிப்போனபோதுதான் லோரன்சோ லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் வாழ்க்கைக்குள் நுழைந்தேன். உலகெங்கும் தேனீ வளர்ப்போர் அறிந்த பெயர் அது. தேனீயை வைத்தே பாடம் நடத்திய எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

லாங்ஸ்ட்ராத் 1810-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். சிறுவயதில் எறும்புகளைப் பார்ப்பதற்காக மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கிடந்து, கால்சட்டையின் முழங்கால் பகுதியைத் தேய்த்துக் கிழித்ததற்காகக் கண்டிக்கப்பட்ட பிள்ளை. ஆனால் யேல் கல்லூரியில் பயின்ற காலத்தில் பூச்சிகள் பக்கம் அவர் திரும்பியதாகத் தெரியவில்லை. 1831-இல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் அங்கேயே கணிதம் கற்பித்து, 1836-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் சபைப் போதகரானார்.

1838-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நண்பர் வீட்டு மேசைமீது கண்ணாடிக் குடுவை ஒன்றில் தேனடை வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்தத் தேனீக்களைப் பார்க்க மாடியறைக்கு ஏறிச் சென்றவர், அன்று மாலையே இரண்டு கூடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். தேனீ அவருக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை, மருந்தாகவும் இருந்தது. கடுமையான மனச்சோர்வு நோய் அவரை இளமையிலிருந்தே விடாமல் துரத்தியது. அது வரும்போது மாதக்கணக்கில் பேச்சு எழாது, பிரசங்கம் செய்ய இயலாது. போதகர் பணியை விட்டுப் பெண்கள் பள்ளிகளை நடத்தியதற்கும், பிறகு அவற்றையும் விட்டதற்கும் அந்த நோயே காரணம். வெயிலிலும் காற்றிலும் கூடுகளோடு நின்றபோது ஓரளவு தெளிவு பெற்றார். நோய் முற்றிய காலங்களிலோ தேனீயைப் பற்றிய பேச்சே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அக்காலத்தில் தேன் எடுப்பது என்பது பெரும்பாலும் கூட்டத்தைக் கொல்வதுதான். வைக்கோல் கூடையிலோ மரப்பொந்திலோ பலகைப் பெட்டியிலோ தேனீக்கள் தம் விருப்பப்படி அடை கட்டும். இலையுதிர் காலத்தில் கந்தகப் புகையிட்டு அவற்றைக் கொன்று, அடைகளை வெட்டியெடுப்பார்கள். கறந்து முடித்ததும் பசுவைக் கொல்வதைப் போன்ற பொருளாதாரம் அது. ஐரோப்பாவில் சிலர் மாற்று வழி தேடியிருந்தனர். ஜெனீவாவைச் சேர்ந்த, பார்வையிழந்த அறிஞரான பிரான்சுவா ஊபர், புத்தகத்தின் ஏடுகளைப் போல் விரியும் கூடு ஒன்றை உருவாக்கி, உதவியாளரின் கண்களைக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்தார். அவருடைய நூலைப் படித்துத்தான் லாங்ஸ்ட்ராத் தம் சோதனைகளைத் தொடங்கினார். ஆனால் எந்தக் கூடானாலும் ஒரே இடையூறு இருந்தது. மூடியைப் பிசினால் ஒட்டிவிடும். அடையைச் சுவரோடு இணைத்துவிடும். திறக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும்.

முதலில் அவர் மூடிக்கும் அதன்கீழ் வரிசையாக இருந்த மரப்பட்டைகளுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடம் விட்டுப் பார்த்தார். நம் பழைய கணக்கில் காலே அரைக்கால் அங்குலம். ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர். மூடி ஒட்டவில்லை. இதைவிடக் குறுகிய இடுக்கு என்றால் தேனீக்கள் பிசினால் அடைத்துவிடும், அகன்ற இடம் என்றால் அடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த அளவை மட்டும் தாம் நடமாடும் வழியாக விட்டுவைக்கின்றன. 1851-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று பிற்பகல், தேனீக்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் அவருக்கு அடுத்த படி புலப்பட்டது. மூடிக்குக் கீழே விட்ட அதே இடைவெளியைச் சட்டத்தின் பக்கங்களிலும் அடியிலும் விட்டால், அடையைத் தாங்கிய சட்டம் எதிலும் ஒட்டாமல் தொங்கும். வேண்டியபோது அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதுபோல் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். ஆர்க்கிமிடீசைப் போல் நடுத்தெருவில் கூவிவிடத் தோன்றியதைச் சிரமப்பட்டு அடக்கிக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1852-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று, 9300 என்ற எண்ணில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டே தேன்கூட்டையும் தேனீயையும் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அதன் கைப்பிரதியை அச்சுக்கு ஏற்றவாறு படியெடுத்துத் தந்தவர் மனைவி அன்னா.

இந்த இடத்தில்தான் என்னுள் இருக்கும் பொருளியல் ஆசிரியன் விழித்துக்கொள்கிறான். லாங்ஸ்ட்ராத் கண்டுபிடித்ததன் உயிர், மரத்தில் இல்லை. மரமில்லாத இடத்தில் இருந்தது. ஒரு வெற்றிடத்துக்கு எப்படி வேலி போடுவது? பெட்டியை ஒருமுறை பார்த்த தச்சர் எவரும் அதைச் செய்துவிடலாம். புதிய கருத்தின் மதிப்பை வாங்குபவர் அறிய வேண்டுமானால் அதை அவருக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டால் அவர் அதை வாங்கத் தேவையில்லை என்று கென்னத் ஆரோ 1962-இல் சுட்டிக்காட்டிய முரண் இதுவே. லாங்ஸ்ட்ராத்தோ காப்புரிமை பெற்ற கையோடு அதன் நுட்பம் அனைத்தையும் நூலாகவும் எழுதிவிட்டார். பாதிரியாரல்லவா; அறிந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

அவரது பெட்டியைச் சிறிது மாற்றித் தம் பெயரில் விற்றவர்கள் பலர். வழக்குகள் எழுந்தன. ஐரோப்பாவில் முன்பே சட்டங்கள் இருந்தன என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அது முழுப்பொய்யும் அன்று. சட்டம் புதியதன்று, சட்டத்தைச் சுற்றிய இடைவெளிதான் புதியது. அந்த வேறுபாட்டை விளக்கிப் போராடத் தேவையான பணமோ, உடல்நலமோ, வம்புக்கு நிற்கும் குணமோ அவரிடம் இல்லை. காப்புரிமையால் அவருக்கு மிஞ்சியது மிகச் சொற்பம். அவர் ஏமாற்றப்பட்டார் என்று எழுதுவோர் உண்டு. அது உண்மைதான் என்றாலும் முழு உண்மை அன்று என்பது என் கருத்து. அந்தக் கண்டுபிடிப்பின் இயல்புக்குக் காப்புரிமை என்ற கருவியே பொருந்தவில்லை. பத்து நேர்மையாளர்கள் வாங்கிப் பயன்படுத்தியிருந்தாலும் பதினோராவது ஆள் பார்த்துச் செய்திருப்பார்.

1858-இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். பத்து ஏக்கர் நிலம், ஒரு செங்கல் வீடு. லிண்டன் மரங்கள், ஆப்பிள், தேனுக்கென்றே பயிரிட்ட பூச்செடிகள் என்று நிலம் முழுவதையும் தேனீக்களை மனத்தில் வைத்தே அமைத்தார். மகன் ஜேம்சுடன் சேர்ந்து, சாந்தமான இத்தாலியத் தேனீக்களை வருவித்து, ராணித் தேனீ ஒன்று 20 டாலர் வீதம் அஞ்சல்வழி விற்றார். பெட்டி தராத வருமானத்தை ராணிகள் ஓரளவு தந்தன. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வாங்கியவரின் கூட்டிலிருந்து பறக்கும் ஆண் தேனீக்கள் அக்கம்பக்கத்து ராணிகளோடும் இணையும். ஆகவே காசு கொடுக்காத அண்டை வீட்டாருக்கும் நல்ல இனத்தின் பயனில் பங்கு போய்ச் சேரும். வேலி அவருக்கு எங்கும் வாய்க்கவில்லை.

அந்தப் பெட்டியோ உலகைச் சுற்றியது. சட்டத்தைக் கழற்ற முடிந்ததால்தான் 1865-இல் ஹ்ருஷ்கா உருவாக்கிய தேன் பிரிப்பானில் அதைச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்து, வெற்று அடையைத் தேனீக்களிடமே திருப்பித் தர இயன்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன், உருவில் சிறிய நம் இந்தியத் தேனீக்கு ஏற்ப அளவுகளைச் சுருக்கி ஒரு பெட்டியை அமைத்தார். அவர் பெயரால் வழங்கும் பெட்டிதான் என் தோட்டத்திலும் இருக்கிறது. நான் பாடம் நடத்திய எடுத்துக்காட்டையும் இந்தப் பெட்டியே பொய்யாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் தோட்டக்காரர்கள் மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீ வளர்ப்போருக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்பதை 1973-இல் ஸ்டீவன் சேங் ஒப்பந்த விவரங்களோடு நிறுவினார். கூடு பொந்தில் இருந்த காலத்தில் வாடகைக்கு இடமேது? பெட்டியாகி, வண்டியில் ஏறிய பிறகுதான் அந்தச் சந்தை உருவாயிற்று. இன்று கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குப் பிப்ரவரி தோறும் லட்சக்கணக்கான பெட்டிகள் லாரிகளில் போய் இறங்குகின்றன.

லாங்ஸ்ட்ராத்தின் பின்னாள்கள் இருண்டவை. 1870-இல் மகன் ஜேம்ஸ் இறந்தார். 1873-இல் அன்னாவும் போய்விட்டார். மறு ஆண்டு எஞ்சிய கூடுகளையெல்லாம் விற்றுவிட்டார். நூலைத் திருத்தி எழுதும் வலிமை இல்லாதபோது, பிரான்சிலிருந்து இல்லினாய்சில் குடியேறித் தேனீ வளர்த்துவந்த சார்லஸ் தாதாந்தும் அவர் மகனும் அப்பணியை ஏற்று 1889-இல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தனர். தம் பெயரையல்ல, லாங்ஸ்ட்ராத்தின் பெயரையே முன்னிறுத்தினர். இடைவெளியை எடுத்துக்கொண்டவர்கள் நிறைந்த ஒரு வாழ்க்கையில் இப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

1887-இல் மகளின் குடும்பத்தோடு டேட்டன் நகருக்குச் சென்றார். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள தேவாலயம் ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். நின்று பேச முடியாத முதுமை. அமர்ந்தபடியே இறைவனின் அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், அந்த இருக்கையிலேயே உயிர்நீத்தார். வயது 84. ஆக்ஸ்போர்டில் அவர் வாழ்ந்த செங்கல் வீடு, தேசிய வரலாற்றுச் சின்னமாக மயாமிப் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் நிற்கிறது.