டெல்ஃப்ட் நகரத்துத் துணிக்கடைக்காரர்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட் என்பதை நாம் அறிவோம். அந்தப் பெயருக்குரிய நெதர்லாந்து நகரில் 1632 இல் பிறந்தவர் அன்டனி வான் லீவன்ஹூக். கூடை முடைந்த தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். அம்ஸ்ரர்டாமில் துணி வியாபாரம் பழகி, 1654 இல் ஊர் திரும்பிக் கடை திறந்தார். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனபோது அவர் துணி அளந்துகொண்டிருந்தார்.

பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, இலத்தீனும் தெரியாது. தாய்மொழியான டச்சில் மட்டுமே ஐம்பது ஆண்டுகள் இலண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். மொழிபெயர்ப்பது அவர்கள் பாடு. புகுந்த நாட்டு மொழியில் நாக்குத் தடக்குப்படும் நமக்கு இது சிறு ஆறுதல்.

மிளகு ஏன் உறைக்கிறது என்றறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். தானே தேய்த்த சிறு வில்லையால் அந்த நீரைப் பார்த்தபோது எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தின. 1676 இல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. மறு ஆண்டு றொபேட் ஹூக் அதே மிளகுநீரில் அவற்றைக் கண்டார். 1680 இல் சங்கம் இவரை உறுப்பினராக்கியது. 1683 இல் பல்லழுக்கிலும் பற்றீரியாக்களைக் கண்டார். சில மீன்போலப் பாய்ந்தன, சில பம்பரமாகச் சுழன்றன.

எதனால் நீந்தின? அது அவர் வில்லைக்கு எட்டாதது. சவுக்குமுளையின் இழை ஏறத்தாழ 20 நானோமீற்றர் தடிப்பே. பிளாஜெலின் என்ற ஒரே புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகள் அடுக்கப்பட்டு அது சுருளாக நீள்கிறது. சல்மொனெல்லாவில் ஒரு பிளாஜெலினில் ஏறக்குறைய 500 அமினோ அமிலங்கள். தொடரின் இரு முனைப்பகுதிகளும் இழையின் உள்ளே பின்னி நிற்பவை. இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. நடுப்பகுதி வெளியே தெரிவது. அது இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபட்டாலும் நீச்சல் நடக்கிறது.

ஆனால் முனைப்பகுதியில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினாலே சில வேளைகளில் சுருள் நேர்க்கம்பியாகிவிடும். அடியிலுள்ள மோட்டார் சுழலும், பற்றீரியா முன்னேறாது. விசிறியைக் கழற்றிவிட்டு வெறுந்தண்டைச் சுழற்றும் படகுதான் அது.

லீவன்ஹூக்குக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் மகள் மரியா மட்டுமே தங்கினாள். கடைசிவரை தந்தையோடிருந்தவளும் அவளே. 1723 ஓகஸ்ட் 26 இல், 90 வயதில், அவர் காலமானார். அவர் விருப்பப்படி 26 வெள்ளி நுணுக்குக்காட்டிகளை மரியா இலண்டனுக்கு அனுப்பிவைத்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை அங்கே காணாமற்போயின.