முயலைப் பறிகொடுத்தார், எலியால் வாழ்ந்தார்!

வீட்டில் எலி வந்தால் பொறி வைக்கிறோம். பூனை வளர்க்கிறோம். ஆனால் ஒரே ஓர் எலிக்கு மட்டும் உலகம் முழுவதும் வரவேற்பு! குழந்தைகளின் சட்டையில் அது இருக்கிறது. புத்தகப் பையில் இருக்கிறது. பென்சில் டப்பாவில் நின்று சிரிக்கிறது. வட்ட முகம், வட்டமாக இரண்டு காது, குச்சிக் கால், அந்தக் காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்சு. அதன் பெயர் மிக்கி மவுஸ்.

அந்தச் சுண்டெலியை உலகத்துக்குக் கொடுத்தவர் வால்ட் டிஸ்னி. எலிக்கு முன்னால் அவரிடம் ஒரு முயல் இருந்தது. முயல் கையை விட்டுப் போனதால்தான் எலி பிறந்தது.

பேப்பர் போட்ட பையன்

அமெரிக்காவில் சிகாகோ நகரில், 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி வால்ட் பிறந்தார். தகப்பனார் எலியாஸ். தாயார் புளோரா. ஆண் பிள்ளைகள் நான்கு பேரில் வால்ட் கடைசி. அவருக்குப் பின் ஒரு தங்கை.

எலியாஸ் கண்டிப்பான மனிதர். உழைப்பாளி. ஆனால் எந்தத் தொழிலும் அவருக்கு நிலைக்கவில்லை. வால்ட்டுக்கு 4 வயதாக இருந்தபோது, மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு போய், பண்ணை வைத்தார். மாடு, குதிரை, பன்றி, கோழி இவைதான் சிறுவனுக்குக் கூட்டாளிகள். அடுத்த வீட்டில் வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். தம் குதிரையைப் படமாக வரையச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்தார். படம் போட்டால் காசு வரும் என்று பையன் தெரிந்துகொண்டது அன்றுதான்.

பண்ணையும் நிலைக்கவில்லை. அதை விற்றுவிட்டு 1911-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போனார்கள். அங்கே எலியாஸ் பத்திரிகை விநியோகத் தொழில் நடத்தினார். வீடு வீடாகப் பேப்பர் போடும் வேலை பிள்ளைகளுக்கு. விடியுமுன் எழ வேண்டும். பனி இடுப்பளவு கொட்டிக் கிடந்தாலும் போக வேண்டும். பிறகுதான் பள்ளிக்கூடம். வகுப்பில் வால்ட் தூங்கி விழுவான். இத்தனைக்கும் தகப்பனார் சம்பளம் கொடுக்கவில்லை. சோறு போடுகிறேனே, அது போதாதா என்பது அவர் கணக்கு.

வால்ட் பெரிய மனிதரான பிறகும், ஏதோ ஒரு வீட்டுக்குப் பேப்பர் போட மறந்துவிட்டது போலக் கனவு கண்டு, இரவில் திடுக்கிட்டு எழுந்துவிடுவாராம்.

கம்பெனி திவால்

1918-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வால்ட்டுக்கு வயது 16. பட்டாளத்தில் சேர வயது போதாது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த தாளில் பிறந்த வருடத்தைத் திருத்தி எழுதி, ஆம்புலன்ஸ் ஓட்டப் பிரான்சு தேசத்துக்குப் போனார். போய்ச் சேருவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது!

ஊர் திரும்பி, விளம்பரப் படம் வரையும் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேதான் அப் ஐவர்க்ஸ் என்ற சித்திரக்காரரின் சிநேகம் கிடைத்தது. இருவருக்கும் ஒரே வயது. வால்ட் வாய் ஓயாமல் பேசுவார். ஐவர்க்ஸ் பேசவே மாட்டார். ஆனால் பென்சிலைப் பிடித்தால் அவர் வேகம் யாருக்கும் வராது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் வால்ட் சொந்தமாகக் கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார். படம் வாங்கியவர்கள் பணம் தரவில்லை. வாடகை கொடுக்க முடியாமல் அறையைக் காலி செய்தார். ஆபீசிலேயே படுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை ரெயில் நிலையத்துக்குப் போய், காசு கொடுத்துக் குளித்துவிட்டு வருவார். 1923-ல் கம்பெனி திவால் ஆயிற்று. காமிராவை விற்று, ஹாலிவுட்டுக்கு ரெயில் ஏறினார். சட்டைப் பையில் இருந்தது 40 டாலர்.

அண்ணன் ராய் அங்கே காச நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பி வந்து கூப்பிட்டதும் படுக்கையை விட்டு எழுந்து வந்துவிட்டார். அன்று முதல் கணக்கு வழக்கு அண்ணன் பொறுப்பு; கற்பனை தம்பி பொறுப்பு. வாழ்நாள் முழுவதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. சண்டை போட்டுக்கொண்டது உண்டு. பிரிந்தது இல்லை.

ஐவர்க்சும் வந்து சேர்ந்தார். படங்களுக்கு மை தீட்டும் வேலைக்கு வந்த லில்லியன் என்ற பெண்ணை 1925-ல் வால்ட் மணந்தார்.

முயல் போன கதை

கார்ட்டூன் படம் எடுப்பது லேசான காரியம் அல்ல. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. முயல் கையைத் தூக்க வேண்டுமா? கொஞ்சம் தூக்கியது போல் ஒரு படம், இன்னும் கொஞ்சம் தூக்கியது போல் இன்னொரு படம் என்று வரிசையாக வரைய வேண்டும். 6 நிமிடப் படத்துக்கே ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும். அதனால் கை வேகமுள்ள சித்திரக்காரர்கள்தான் கம்பெனியின் சொத்து.

1927-ல் வால்ட் கம்பெனி ஆஸ்வால்டு என்ற முயலை வரைந்தது. துறுதுறுப்பான முயல். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. மிட்டாய் உறையில்கூட அதன் படம் வந்தது.

1928 பிப்ரவரியில், படத்துக்குக் கூடுதல் பணம் கேட்கலாம் என்று வால்ட் மனைவியோடு நியூயார்க் போனார். படங்களை வாங்கி விற்ற சார்லஸ் மின்ட்ஸ், கூடுதலாகத் தர மறுத்தார். முன்பைவிடக் குறைவாகத்தான் தர முடியும் என்றார். வால்ட் சம்மதிக்காவிட்டாலும் முயல் படங்கள் நிற்காது என்றார். எப்படி? வால்ட்டின் சித்திரக்காரர்களில் பெரும்பாலோரிடம் மின்ட்ஸ் ரகசியமாக முன்னமே ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தார்!

வால்ட் தம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். முயல் யுனிவர்சல் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. வளர்த்தவர் இவர், சொந்தக்காரர் வேறொருவர்.

கவலைப்பட வேண்டாம் என்று அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். முயல் போன செய்தி தந்தியில் இல்லை.

காரை விற்று எடுத்த பாட்டு

திரும்பி வரும் வழியில் ரெயிலிலேயே சுண்டெலியைக் கற்பனை செய்தார் என்றும், அவர் வைத்த மார்டிமர் என்ற பெயர் பிடிக்காமல் மனைவிதான் மிக்கி என்று மாற்றினார் என்றும் சொல்வார்கள். வால்ட்டே சொன்ன கதைதான். ஆனால் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறிய கதை. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த எலிக்குக் கண், மூக்கு, காது வைத்து நடக்க விட்டது ஐவர்க்சின் பென்சில். முயலின் நீண்ட காதை எடுத்துவிட்டு வட்டக் காது வைத்தால், ஏறக்குறைய மிக்கிதான்!

விலகப் போகிறவர்கள் பாக்கி முயல் படங்களை அதே ஸ்டூடியோவில் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் எலியை வரைய வேண்டும். ஐவர்க்ஸ் தனியாக உட்கார்ந்து, ஒரு நாளைக்கு 700 படம் வரை வரைந்து தள்ளினார் என்பார்கள்.

இரண்டு படம் தயாராயிற்று. வாங்க ஆள் இல்லை. அது பேசும் படம் வந்துவிட்ட காலம். ஊமை எலி யாருக்கு வேண்டும்? எலியையும் பேச வைத்துவிடுவது என்று வால்ட் முடிவு செய்தார்.

மூன்றாவது படம் எலி படகு ஓட்டுவது பற்றியது. அதற்குச் சத்தம் பொருந்துமா என்று ஓர் இரவில் ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் மவுத் ஆர்கன் வாசித்தார். மற்றவர்கள் பாத்திரத்தைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். ராய் ஜன்னலுக்கு வெளியே நின்று படத்தை ஓட்டினார். பார்க்க வந்த மனைவிமார்கள் தங்களுக்குள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வால்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. படமும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதே!

நியூயார்க்கில் வாத்தியக் குழுவை வைத்து ஒலிப்பதிவு செய்தார். முதல் தடவை தாளம் தப்பிப் பணம் வீணாயிற்று. இரண்டாம் தடவைக்குக் காசு இல்லை. வால்ட் ஆசையாக வைத்திருந்த காரை விற்றுப் பணம் அனுப்பினார்கள். இந்தத் தடவை தாளம் எங்கே விழ வேண்டும் என்று காட்டும் புள்ளி ஒன்றைப் பிலிமிலேயே குதித்தோட விட்டார்கள். தாளம் தப்பவில்லை.

1928-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி நியூயார்க் காலனி தியேட்டரில் படம் வந்தது. கொட்டகை அதிர்ந்தது. எலிக்குக் குரல் கொடுத்தவர் வால்ட். பல வருடங்கள் அந்தக் கீச்சுக் குரல் அவருடையதுதான்.

மறுநாளே பெரிய கம்பெனிகள் பேரம் பேச வந்துவிட்டன. எலியின் உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்றார்கள். கையில் காசில்லாத நிலையிலும் வால்ட் எழுதிக் கொடுக்கவில்லை. முயல் கொடுத்த பாடம்!

ஐவர்க்ஸ் என்ன ஆனார்? வேறொருவர் சொந்த ஸ்டூடியோ வைத்துத் தருவதாகச் சொல்ல, 1930-ல் பிரிந்து போனார். கம்பெனியில் அவருக்கு இருந்த 20 சதவீதப் பங்குக்கு 2,920 டாலர் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். அந்தப் பங்கு அவரிடமே இருந்திருந்தால் பிற்காலத்தில் எத்தனை கோடி ஆகியிருக்கும்!

ஏழு குள்ளர்கள்

பிறகு வெற்றி மேல் வெற்றி. 1932-ல் வண்ணக் கார்ட்டூனுக்கு ஆஸ்கார் பரிசு. 1933-ல் மூன்று பன்றிக்குட்டிகள். 1934-ல் கோபக்கார டொனால்டு வாத்து.

ஒன்றரை மணி நேரம் யாராவது கார்ட்டூன் பார்ப்பார்களா என்று எல்லோரும் கேலி செய்தார்கள். வால்ட் கேட்கவில்லை. 3 வருடம் உழைத்து, பாங்கியில் கடன் வாங்கி, சுமார் 15 லட்சம் டாலர் செலவில் ஸ்னோ ஒயிட் கதையைப் படமாக எடுத்தார். 1937 டிசம்பர் 21-ந் தேதி படம் வெளியானபோது, கேலி செய்தவர்களே கண்ணீர் விட்டார்கள். ஒரு பெரிய ஆஸ்கார் சிலையும், குள்ளர்களுக்காக ஏழு சின்னச் சிலைகளும் பரிசாகக் கிடைத்தன.

அந்தப் பணத்தில் பிள்ளைகள் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வீட்டின் கணப்பு அடுப்பு பழுதாகி, விஷப்புகை கசிந்தது. 1938 நவம்பரில் தாயார் புளோரா அந்தப் புகையில் மூச்சுத் திணறி இறந்தார். அதைப் பற்றி வால்ட் கடைசி வரை வாய் திறந்து பேசியதில்லை.

வாசலில் வேலைநிறுத்தம்

பர்பாங்கில் வால்ட் கட்டிய புது ஸ்டூடியோ அரண்மனை போல் இருந்தது. ஆனால் உள்ளே புகைச்சல். சில சித்திரக்காரர்களுக்கு வாரம் நூற்றுக்கணக்கான டாலர் சம்பளம். வண்ணம் தீட்டும் பெண்கள் பலருக்கு 20 டாலர்கூட இல்லை. படத்தில் பெரும்பாலோர் பெயர் வருவதும் இல்லை. எல்லாமே வால்ட் டிஸ்னி படம்தான்.

சங்கம் அமைத்தார்கள். சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்ற சிறந்த சித்திரக்காரரை வால்ட் வேலையை விட்டு நீக்கினார். 1941 மே 29-ந் தேதி நூற்றுக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்து, வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அட்டைகளில் மிக்கியும் புளூட்டோவும் முதலாளியைக் கேட்பது போலப் படங்கள்!

வால்ட்டால் தாங்க முடியவில்லை. பழைய நியூயார்க் நாள் திரும்பி வந்ததாகவே அவருக்குத் தோன்றியது. வளர்த்தவர்களே விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தார். ஆனால் இந்தத் தடவை விஷயம் வேறு. வரைந்தவனுக்கு உரிமை இல்லையா என்பதுதான் 1928-ல் அவர் கேட்ட கேள்வி. அதையேதான் வாசலில் நின்றவர்கள் அவரைக் கேட்டார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை.

அவர் தென் அமெரிக்கா சுற்றுப்பயணம் போனார். அந்தச் சமயத்தில் சங்கத்தின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. தகப்பனார் எலியாஸ் இறந்ததும் அப்போதுதான். வால்ட் கோபத்தை மறக்கவில்லை. 1947-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று, வேலைநிறுத்தத்தில் முன்னின்ற சிலரைக் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் சொன்னார். அவர் வாழ்க்கையில் அழியாத கறை அது.

ஐவர்க்ஸ் இதற்கு முன்பே, 1940-ல், சொந்த ஸ்டூடியோ நடக்காமல் திரும்பி வந்திருந்தார். கூலிக்கு வேலை செய்தார். மிக்கியை வரையவில்லை. காமிராக்களைச் செப்பனிட்டு, புதுப் புது தந்திரக் காட்சிகளைக் கண்டுபிடித்தார். அதற்காக ஆஸ்கார் பரிசும் பெற்றார். பழைய நெருக்கம் மட்டும் திரும்பவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

ஞாயிற்றுக்கிழமைகளில் வால்ட் தம் இரண்டு பெண்களையும் ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். குழந்தைகள் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெரியவர்களும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று தோன்றியது. கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் வாங்கினார். டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. முதல் நாள் ஒரே குழப்பம். கள்ள டிக்கெட்டில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்கள் வேலை செய்யவில்லை. வெயிலில் தார் இளகிப் பெண்களின் செருப்புக் குதிகால் சிக்கிக்கொண்டது. ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை.

இளம் வயது முதல் வால்ட் விடாமல் சிகரெட் பிடிப்பார். 1966 டிசம்பர் 15-ந் தேதி, நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 65.

ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய், அதைத் தள்ளி வைத்தார். தம்பி புளோரிடாவில் தொடங்க நினைத்த புதுப் பூங்காவைக் கட்டி முடித்து, தம்பியின் முழுப் பெயரையும் அதற்கு வைத்தார். 1971 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. டிசம்பரில் ராய் கண்ணை மூடினார். ஐவர்க்ஸ் அதே வருடம் ஜூலையில் போய்விட்டார்.

முயல்? அது 2006-ல் திரும்பி வந்தது. டிஸ்னி கம்பெனியின் டெலிவிஷனில் விளையாட்டு வர்ணனை செய்த ஒருவரை எதிர்க் கம்பெனி கேட்டது. அவரை விட்டுக்கொடுத்து, வேறு சிலவற்றோடு ஆஸ்வால்டு முயலையும் டிஸ்னி கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது.

2024 ஜனவரி 1-ந் தேதி, படகு ஓட்டிய எலிப் படம் அமெரிக்கச் சட்டப்படி பொதுச் சொத்து ஆயிற்று. அந்தக் கறுப்பு வெள்ளை எலியை அங்கே யாரும் வரையலாம். பிற்கால வண்ண மிக்கிக்கு இன்னும் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.