ஆயிரம் பெண்களின் தாய்

எலைசா அக்னியூ அம்மையார் 1807ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில் பூகோள வகுப்பில் அமர்ந்திருந்தபோதே, தூர தேசம் சென்று தொண்டு செய்வது என்று உறுதி கொண்டார். ஆயினும் வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் இருந்தன. அவற்றை முடித்த பின்னரே, 1839இல், தமது 32ஆம் வயதில் கப்பலேறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்காயிற்று. 1840இல் இலங்கைத் தீவின் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அங்கு உடுவிலில் 1824இல் தொடங்கப்பெற்ற பெண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியையானார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. ஆயினும் சுமார் நாற்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமியர் அவரிடம் பயின்றனர். தாய் படித்த பள்ளிக்கு மகள் வந்தாள். பின்பு பேத்தியும் வந்தாள். அம்மையாரோ ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. 1879இல் ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கி, 1883இல் மானிப்பாயில் காலமானார்.

அன்புத் தோழியரே! பம்மலிலிருந்து தாம்பரம் சென்று படிக்கவே நம்மில் சிலருக்குத் தயக்கம். வீட்டுக் கடமையையும் விடாமல், எட்டு வயதில் கொண்ட உறுதியையும் விடாமல், 24 ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்த அம்மையாரை நினைப்போம். நாமும் படித்து, பிறருக்கும் கற்பிப்போம்!